போட்டதை எடுக்கிற பட்டன்

அக்டோபர் 14, செவ்வாய்

பழைய மெஷின் ரெண்டையும் இன்னைக்குத் தூக்கிட்டாங்க. கறுப்புத் திரையில பச்சை எழுத்து ஓடுற டப்பாதான். ஆனா அதுக்கு முன்னாடி நானும் ஜெபக்கனியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்து, இந்தக் கண்டெய்னர் யார்டுல லாரிக்குப் பாஸ் போட்டே எங்களுக்கு நரை வந்துட்டு. வண்டியில ஏத்தும்போது கனி கண்ணைத் தொடைச்சா. எனக்கு அழுகை வரல. எங்க கொண்டு போறீங்கன்னு கேட்டேன். ஒருத்தன் சென்னைங்கான், இன்னொருத்தன் பழைய இரும்புக்குங்கான். ஒரே வண்டியில ஏறப்போற ரெண்டு பேருக்கு ரெண்டு பதிலா?

புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. சென்னை ஆபீஸ்ல இருந்து முகுந்தன்னு ஒரு ஆளு வந்து பொருத்திட்டுப் போனான். பாஸ் போடுற சாஃப்ட்வேர் பழசேதானாம், அது சென்னையிலயே கெடக்கட்டுமாம். இதுல டெர்மினல் எமுலேட்டர்னு ஒரு புரோகிராம். "மேடம், இது பழைய மெஷின் மாதிரியே நடிக்கும்"ங்கான்.

நடிக்கும்னு அவனே சொல்லுதான். அப்புறம் எப்படி நம்புறது?

அக்டோபர் 15, புதன்

நடிப்பு சரியில்லை. பழைய கீபோர்டுல கீழ வலது ஓரத்துப் பட்டனைத் தட்டினாத்தான் பாஸ் உள்ள போகும். இதுல அதைத் தட்டினா ஒண்ணுமே நடக்க மாட்டேங்கு. அடிச்சதை அழிக்கப் போனா எழுத்து அழியாம ஒரு கூரை மாதிரிக் குறி வந்து உக்காருது. பழசுல மேல ரெண்டு வரிசை நம்பர் பட்டன், மொத்தம் இருபத்துநாலு. இதுல ஒரே வரிசை, பன்னெண்டோட முடிஞ்சுட்டு. மிச்சப் பன்னெண்டு எங்கன்னு கேட்டா, "மேப் பண்ணித் தரேன் மேடம், எந்தப் பட்டனை அமுக்கினா எது போகணும்னு நாமளே வச்சுக்கலாம்"ங்கான். அதாவது பட்டன் மேல ஒண்ணு எழுதியிருக்கும், உள்ள வேற ஒண்ணு போகும். இதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.

மேல ஓரத்துல ஒரு மெனு இருக்கு. "அதை மட்டும் தொட்டுறாதீங்க மேடம்"ன்னு ரெண்டு தடவை சொன்னான். தொடாதேன்னு சொன்னா அங்கதான் ஏதோ இருக்கு.

பாஸ்வேர்டு மட்டும் பழசே. எங்க வீட்டுக்காரர் கடைசியா ஓடின கப்பலோட பேரு. கனிக்கும் தெரியும், அவளோடது எனக்கும் தெரியும். நான் லீவு போட்டா என் பேர்ல யாரு பாப்பா, அவதான்.

அக்டோபர் 16, வியாழன்

முகுந்தன் சென்னையில இருந்து போன் பண்ணினான். ஒவ்வொரு பட்டனாக் கேட்டுக்கிட்டே வாரான். எனக்கோ அடுப்புல வச்சிட்டு வந்த பாலை அணைச்சேனா இல்லையான்னு நினைப்பு. இவரு வீட்டுலதான் இருக்காரு, இருந்து என்ன, செய்தித்தாளுக்குள்ள தலையை விட்டுட்டார்னா வீடே எரிஞ்சாலும் தெரியாது.

"என்ட்ரி போட்டதை எடுக்கறதுக்கு ஒரு கீ வேணும்ல மேடம், எதுல வைக்கட்டும்?"ன்னான்.

ஒன்பதுலயே வையுங்கன்னேன். பழசுலயும் மேல் வரிசையில ஒன்பதாவது பட்டன்தான். கை தானா அங்க போயிரும்.

"வேற ஏதும்?"

வேண்டாம்னுட்டேன்.

பால் பொங்கலை. நான் அடுப்புலயே வைக்கலையாம். அவரு சொல்லுதாரு.

அக்டோபர் 17, வெள்ளி

கீழ வலது ஓரம் இப்ப வேலை செய்யுது. கூரைக்குறியும் போயிட்டு. இவ்வளவு சீக்கிரம் சரியானதுதான் யோசனையா இருக்கு.

அக்டோபர் 18, சனி

காலையில இருந்து மழை. பாஸ் நாங்க உள்ள போட்ட உடனே கேட்டுல இருக்கிற பிரிண்டர்ல தானா விழுந்துரும். அங்க இசக்கி இருக்கான், கேட் கிளார்க்கு, பிள்ளை குட்டிக்காரன், ஆனா சோம்பேறி. "அக்கா, பேப்பர் நனைஞ்சு போச்சு, இன்னொண்ணு எடுங்க"ன்னு போன். எனக்கு ரெண்டு தடவை, கனிக்கு ஒரு தடவை. அந்தப் பாஸைத் திறந்தேன், ஒன்பதை அடிச்சேன், 'கன்ஃபர்ம்?'னு கேட்டுது, 'ஒய்' அடிச்சேன். இதெல்லாம் கண்ணை மூடிட்டே செய்வேன். கொஞ்ச நேரங்கழிச்சு இசக்கி, "வரலையேக்கா"ங்கான். பிரிண்டரைப் பாருல, எங்களைக் கேக்காதன்னேன். கடைசியில நனைஞ்ச பேப்பர் மேலயே பேனாவால எழுதி வண்டியை விட்டுட்டானாம்.

வீட்டுல இதுக்கு மேல. மத்தியானம் போன் போட்டு, "ஃப்ரிட்ஜ்ல இருக்கிற நேத்து மீன்குழம்பை எடுத்துருங்க"ன்னு சொன்னேன். வெளிய எடுத்து வச்சா நான் வரும்போது குளிர் விட்டிருக்கும், சூடு பண்ணலாம்னு. வந்து பாத்தா சட்டி கழுவிக் கவுத்திருக்கு! பூனைக்கு ஊத்திட்டாராம். "நீதான எடுத்துரச் சொன்ன"ங்காரு. நேத்துக் குழம்பை எந்த மடையன் ஊத்துவான்? அதுவும் விளைமீன். அவருக்குப் புளி ஒத்துக்காது, அதான் சாக்கு. எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 20, திங்கள்

மழை. இசக்கி இன்னைக்கும் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு உயிரை வாங்கிட்டான்.

அக்டோபர் 22, புதன்

மேனேஜர் தாணுமூர்த்தி சார் ரூமுக்குள்ள கூப்பிட்டாரு, என்னையும் கனியையும் இசக்கியையும். மூஞ்சி செத்துக் கெடந்துது.

யார்டுல கண்டெய்னர் பொட்டியை எண்ணியிருக்காங்க. கம்ப்யூட்டர்ல உள்ள இருக்குன்னு வர்ற பொட்டி சிலது தரையில இல்ல. சரக்குக்காரப் பார்ட்டிக்குப் போன் போட்டா, "அது போன வாரமே வந்து சேந்துட்டே"ங்காங்க. அப்ப வண்டி வெளிய போயிருக்கு, வெளிய போன பாஸ் மட்டும் சிஸ்டத்துல இல்லை. பாஸ் இல்லேன்னா பொட்டி எத்தனை நாள் நம்ம தரையில நின்னுதுங்கிற வாடகைக் கணக்கும் பார்ட்டிக்குப் போகாது.

"பாஸ் தானா அழியாது. யாரோ பார்ட்டிகிட்டக் கை நீட்டிட்டு அழிக்கிறாங்க. யாருன்னு தெரிஞ்சா வேலை மட்டும் போகாது, போலீஸ்தான்"ன்னாரு சார். சொல்லும்போது மூணு பேரையும் ஒரே மாதிரிப் பாத்தாரு. எனக்கு அதுதான் வயிறெரிஞ்சுது. நானும் இசக்கியும் ஒண்ணா?

வெளிய வந்ததும் கனி, "ஏளா, பயமா இருக்கு"ன்னா. பண்ணாதவளுக்கு என்ன பயம்?

அக்டோபர் 23, வியாழன்

யோசிச்சுப் பாத்தேன்.

இசக்கிக்கு அழிக்கத் தெரியாது. அவனுக்கு 'ஆன்' பண்ணவே ரெண்டு பேரு வேணும்.

முகுந்தன் செய்யலாம். ஆனா அவனுக்கு நம்ம பார்ட்டிங்க யாரையும் தெரியாதே.

மிச்சம் யாரு?

எழுதவே கை கூசுது. ஆனா மத்தியானம் கனி டப்பாவைத் திறந்தா, இறால். சம்பளத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, இறால்! "தம்பி கடல்ல இருந்து வந்தான், குடுத்தான்"ங்கா. அவ தம்பி எப்ப இருந்து இவ்வளவு பாசக்காரன் ஆனான்? எனக்கு அஞ்சாறு அள்ளி வச்சா. தின்னேன். நல்லாத்தான் இருந்துது. போன் வந்தா எந்திரிச்சு வெளிய போய்ப் பேசுதா. நான் எட்டிப் பாத்தா ஸ்கிரீனை மாத்துதா. மாத்தின மாதிரிதான் இருந்துது.

அக்டோபர் 24, வெள்ளி

சென்னையில இருந்து விவரம் வந்துட்டு. அழிஞ்ச பாஸ் ஒன்பது. அழிச்ச ஆளோட பேரு அதுலயே வந்துருமாம். அஞ்சு, ஜெபக்கனி. நாலு, அமலோற்பவம்.

என் பேரு! நான் இந்தக் கையால ஒரு பாஸை அழிச்சிருப்பேனா? அந்தோனியாருக்குத் தெரியும். என் பேர்ல உள்ள போக என் பாஸ்வேர்டு வேணும். அது யாருக்குத் தெரியும்?

பாதகத்தி. தன் பேர்ல மட்டும் செஞ்சா மாட்டிக்குவோம்னு என்னையும் சேத்து இழுத்திருக்கா.

மேனேஜர் ரூமுக்குப் போனேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 25, சனி

கனியை இன்னையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. பத்து நாள்ல முடிவு சொல்லுவாங்களாம், அதுவரைக்கும் வீட்டுல இருக்கணுமாம். டப்பாவையும் குடையையும் எடுத்துட்டுக் கெளம்பினா. நான் கீழ குனிஞ்சு காகிதக் கட்டைப் பிரிச்சிட்டு இருந்தேன். "வாரேன் அமலி"ன்னா. நான் ம்ன்னேன்.

புருசன் இல்லாதவ. மக நர்ஸிங் படிக்குதா. இதெல்லாம் செய்யுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

அவ போனதும் முதல் வேலையாப் பாஸ்வேர்டை மாத்தினேன். பூனைப் பேரு. யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அக்டோபர் 29, புதன்

ரெண்டு ஆளு வேலையை ஒத்தையாப் பாத்து இடுப்பு ஒடியுது. மழை வேற. இசக்கி இன்னொண்ணு எடுங்கக்கான்னு ரெண்டு தடவை. எடுத்தேன். வரலைங்கான். அந்தப் பிரிண்டரைத் தூக்கிக் கடல்ல போடணும்.

மத்தியானம் தனியா உக்காந்து தின்னேன். டப்பாவைத் திறந்து பக்கத்து நாற்காலி பக்கமா ஒரு துண்டு மீனைத் தள்ளிட்டேன், பழக்கம். திருப்பி எடுத்து வச்சேன்.

அக்டோபர் 31, வெள்ளி

சார் கூப்பிட்டாரு. இன்னும் ரெண்டு பாஸ் அழிஞ்சிருக்கு. புதன்கிழமை. என் பேர்ல.

"அமலி அம்மா, பாஸ்வேர்டை மாத்திட்டேன்னு சொன்னீங்களே"ன்னாரு. குரல் அமைதியாத்தான் இருந்துது. கனியைப் பாத்த மாதிரியே என்னைப் பாத்தாரு.

மாத்தினேன் சார், சத்தியமா மாத்தினேன்னேன். யாருகிட்டயும் சொல்லலையான்னாரு. பூனைக்குக்கூடத் தெரியாது சார்னு சொல்லிட்டு, ஏன் சொன்னேன்னு ஆயிப் போச்சு.

கனி வீட்டுல இருக்கா. அவகிட்டக் கம்ப்யூட்டர் கெடையாது. அப்ப இது யாரு? முகுந்தன்தான். அங்க உக்காந்து இங்க உள்ள வாரான். அந்த மெனுவைத் தொடாதேன்னு சும்மாவா சொன்னான்? நாளைக்குத் தொடுதேன். என்ன ஆயிருதுன்னு பாப்போம்.

நவம்பர் 1, சனி

தொட்டேன்.

மெனுவுல ஏழெட்டு பேரு. ஒண்ணு 'கீபோர்டு மேப்'. தட்டினா கீபோர்டு படம் ஒண்ணு அப்படியே திரையில வந்துது. படத்துல ஒரு பட்டன் மேல அம்பை வச்சா, அதை அமுக்கினா பழைய மெஷினோட எந்தப் பட்டன் போகும்னு கீழ எழுதி வருது. கீழ வலது ஓரத்துல வச்சேன். சரி. அம்புக்குறிப் பட்டன்ல வச்சேன். சரி. திருட்டுப்பயல் எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்னு ஒவ்வொண்ணா வச்சிக்கிட்டே வந்தேன்.

ஒன்பதுல வச்சேன். இருபத்திரெண்டுன்னு வந்துது.

இருபத்திரெண்டு இல்லையே. பழசுல மேல் வரிசை பதிமூணுல தொடங்கும், அதுல ஒன்பதாவது பட்டன் இருபத்தொண்ணு. அதுதான் இன்னொரு காப்பி. பக்கத்துல இருக்கிற இருபத்திரெண்டு பாஸை அழிக்கிறது. அதை நாங்க தொடுறதே இல்லை. தப்பாப் போட்டாத்தான அழிக்க? நாங்க தப்பாப் போடுறதே இல்லை.

ரெண்டும் ஒரே மாதிரி 'கன்ஃபர்ம்?'னுதான் கேக்கும். ரெண்டுக்கும் 'ஒய்'தான்.

மேப்பை மூடினேன். அப்புறம் ஒரு போலிப் பாஸ் போட்டேன். இசக்கியைக் கூப்பிட்டு விழுந்துதான்னேன், விழுந்துதுன்னான். அதைத் திறந்து ஒன்பது அடிச்சேன். ஒய். இன்னொண்ணு விழுந்துதான்னேன். இல்லையேக்கான்னான். போய்த் தேடிப் பாத்தேன். பாஸ் இல்லை. நானே போட்டு நானே அழிச்சிருக்கேன்.

மழையில நனைஞ்ச பாஸ் அத்தனையும். கனி அடிச்சது அஞ்சு. நான் அடிச்சது நாலு. அப்புறம் ரெண்டு.

உடனே முகுந்தனுக்குப் போன் போட்டேன். கத்தினேன், வாயில வந்ததெல்லாம் சொன்னேன். அழிக்கிறதை எதுக்குல ஒன்பதுல வச்ச?

அவன் கொஞ்சமும் கோவப்படல. "மேடம், நான் கேட்டேனே, என்ட்ரி போட்டதை எடுக்கறதுக்கு எந்தக் கீன்னு. நீங்கதான் ஒன்பதுன்னீங்க. பிரிண்ட்தான் தானா வருதே, அதுக்கு எதுக்குக் கீன்னு நான் கேக்கவே இல்ல. இன்னொரு காப்பி எடுப்பீங்கன்னு யாருமே சொல்லலையே."

நீ அப்படிக் கேக்கவே இல்லைன்னேன். நீ தெளிவாச் சொல்லலைன்னேன். போனை வச்சேன்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்டச் சொன்னேன். செய்தித்தாளை மடிச்சு வச்சாரு. அது ஒண்ணே எனக்குப் பயமா இருந்துது. "அவன் எடுக்கன்னா தூக்குறதுக்கு. நீ எடுக்கன்னா அச்செடுக்குறதுக்கு. நம்ம மீன்குழம்பு மாதிரி"ன்னாரு.

குழம்பு வேற, இது வேறன்னேன். இந்த நோட்டுல பதினாறாம் தேதிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கேன்னு புரட்டிப் பாக்கச் சொன்னாரு. பாக்க மாட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையில பூவும் மெழுகுவத்தியும் வச்சேன். ஜெபம் வாயில வரலை. கனி வீடு வழியாத்தான் திரும்பணும். சுத்தி வந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

சார்கிட்டப் போய் எல்லாத்தையும் செஞ்சு காட்டினேன். பாஸ் போட்டு, ஒன்பது அடிச்சு, அழிஞ்சதைக் காட்டி, மேப்பைக் காட்டி. அவரு சென்னைக்குப் பேசினாரு. அரை மணி நேரத்துல ஒன்பதுல இருபத்தொண்ணு வந்துட்டு. ஒரு நொடி வேலை. இதுக்குத்தான் ஒருத்தி பத்து நாளா வீட்டுல உக்காந்திருக்கா.

"நல்லவேளை. அவங்க பேர்ல இருந்த அஞ்சு பாஸுக்கே இன்னைக்குச் சாயந்திரம் அவங்களை வேலையை விட்டு நிறுத்துற லெட்டர் போறதா இருந்துது"ன்னாரு சார். மேசையில கவர் இருந்துது. அதுல அவ பேரு டைப் அடிச்சிருந்துது.

நான் எந்திரிச்சேன். அவருக்கு என்ன தோணுச்சோ, உக்காருங்கன்னாரு.

"ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க வந்து, என் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும் சார், அந்த நாலும் அவதான் செஞ்சிருப்பான்னு சொன்னீங்கள்ல? அதுக்கு முன்னாடியே ஜெபக்கனி வந்துட்டுப் போயிட்டாங்க. அவங்களும் அதையேதான் சொன்னாங்க. அமலி பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் சார், அவ பேர்ல இருக்கிறதையும் என் பேர்லயே எழுதிக்கோங்க, அவளைக் கேக்காதீங்கன்னு. அப்ப நீங்கதான் செஞ்சதா ஒத்துக்கிறீங்களான்னேன். நான் செய்யலை சார், அவ எதுக்குச் செஞ்சான்னு எனக்குத் தெரியாது, ஏதோ கஷ்டமா இருக்கும், அவ புருசனுக்கும் சம்பளம் இல்லைன்னாங்க."

சார் இன்னும் ஏதோ சொன்னாரு. எனக்குக் காதுல விழலை.

அவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கா. நான் அழிச்சேன்னே நினைச்சிருக்கா. நினைச்சிக்கிட்டேதான் போகும்போது 'வாரேன் அமலி'ன்னிருக்கா.

நவம்பர் 4, செவ்வாய்

கனி வீட்டுக்குப் போனேன். நெய்மீன் வாங்கிட்டுப் போனேன், ஐஸ் மீனா இல்லையான்னு செவுளைத் தூக்கிப் பாக்காம வாங்கினது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை.

எல்லாத்தையும் சொன்னேன். எடுக்கிறது, ஒன்பது, இருபத்திரெண்டு, முகுந்தன் கேட்ட கேள்வி. கேக்கும்போது அவ முகம் வெளுத்துச்சு, அப்புறம் சிரிச்சா, அப்புறம் அழுதா. "அப்ப நீயும் செய்யலையாளா"ன்னா. இல்லைன்னேன். "எந்தப் பாவியும் செய்யலையா"ன்னு மறுபடியும் சிரிச்சா. அவ மக தண்ணி கொண்டாந்து வச்சா, என் முகத்தைப் பாக்காமப் போயிட்டா.

கொஞ்சம் பொறுத்துக் கனி கேட்டா. "சார்கிட்ட நீ என்ன சொன்ன அமலி?"

கேட்டதுக்குப் பதில் சொன்னேன்னேன்.

"சரி"ன்னா. மீனை வாங்கி உள்ள வச்சா.

சொல்லியிருக்கணும். வாசல் வரைக்கும் வந்து சொல்லத்தான் நினைச்சேன். செருப்பைத் தேடுற மாதிரி நின்னேன். அவளும் நின்னா. அவளுக்குத் தெரியும். சார் சொல்லியிருப்பாரு, இல்லேன்னா அவளே ஊகிச்சிருப்பா. தெரிஞ்சும் கேட்டிருக்கா, நான் சொல்லுதேனான்னு பாக்க.

நவம்பர் 6, வியாழன்

கனி வந்துட்டா. இசக்கி கேட்டுல இருந்தே கையைத் தூக்கிக் கும்பிட்டான். ரெண்டு தடவை இன்னொரு காப்பி கேட்டான், ரெண்டு தடவையும் விழுந்துது. 'கன்ஃபர்ம்?'னு வந்ததை இன்னைக்கு எழுத்துக்கூட்டி வாசிச்சேன்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தோம். அவ கத்தரிக்காய். நான் நேத்து வச்ச சாளைக் குழம்பு, நானே ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்துச் சூடு பண்ணிக் கொண்டாந்தது. அள்ளி வச்சேன், தின்னா. நல்லா இருக்குன்னா. பழைய மாதிரியேதான் பேசினா. மழையைப் பத்திப் பேசினா, மக பரீட்சையைப் பத்திப் பேசினா.

கையைக் கழுவிட்டு வந்து, அவ நாற்காலி பக்கம் குனிஞ்சு, "ஏளா, பாஸ்வேர்டை மாத்தியிருக்கேன். நான் லீவு போட்டா உனக்கு வேணும்லா, சொல்லுதேன் கேளு"ன்னேன்.

சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. சிரிச்சிட்டேதான் பொத்தினா. "வேண்டாம்ட்டி, சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டாம்."

நான் வாயை மூடுற வரைக்கும் கையை எடுக்கலை. பூனைப் பேரை எடுத்துட்டு அவ பேரைத்தான் வச்சிருக்கேன். அதைச் சொல்ல விடலை.